மவுஸ் நின்றால் மோடத்தைப் பாருங்கள்: பழைய கணினியில் உள்மோடம் சரிசெய்யும் வழி

ராணிப்பேட்டை சிப்காட், மேல்விஷாரம், ஆம்பூர் பக்கத்துத் தோல் கம்பெனி ஆபீஸ்களிலும், ஆரணி ரைஸ் மில்களிலும், லாரி எடைமேடைகளிலும் விண்டோஸ் 98 அல்லது வெறும் டாஸ் ஓடும் கணினி ஒன்று மூலையில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும். ஃபேக்ஸ் அனுப்பவும், தலைமை ஆபீஸுக்குக் கணக்கு அனுப்பவும் அதற்குள் கணினியை டெலிபோன் லைனோடு இணைக்கும் மோடம் கார்டு ஒன்று இருக்கும். கூப்பிடும்போது எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "மோடம் போயிடுச்சு." போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மோடம் நன்றாகவே இருக்கும். கேபினெட்டுக்குள் செருகும் இந்த உள்மோடம், மவுஸ் போன்ற கருவிகள் கணினியோடு பேசும் வழியான சீரியல் போர்ட்டையும் (காம் போர்ட் என்பதும் இதுதான்) தானே கொண்டுவருகிறது. கணினியில் ஏற்கெனவே இருக்கும் போர்ட்டுகளோடு அது மோதும்போதுதான் இத்தனை கூத்தும். அதனால் கார்டை மாற்றும் யோசனையைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

திரையில் ஆங்கில எழுத்தில் வருவதை இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்திலேயே தட்டுங்கள். முகவரி என்பது கணினி ஒரு போர்ட்டைக் கண்டுபிடிக்கும் எண், ஐஆர்க்யூ என்பது அந்த போர்ட் கணினியைக் கூப்பிட அடிக்கும் மணியின் எண். கீழே உள்ள நான்கு வரியை ஒரு சீட்டில் எழுதி கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். அடுத்து வருபவர் வாழ்த்துவார்.

காம்1: முகவரி 3எஃப்8, ஐஆர்க்யூ 4
காம்2: முகவரி 2எஃப்8, ஐஆர்க்யூ 3
காம்3: முகவரி 3இ8, ஐஆர்க்யூ 4
காம்4: முகவரி 2இ8, ஐஆர்க்யூ 3

முதலில் கார்டு எந்த வகை என்று பாருங்கள்

நீளமான கறுப்பு ஸ்லாட்டில் இருந்தால் ஐஎஸ்ஏ. குட்டையான வெள்ளை ஸ்லாட்டில் இருந்தால் பிசிஐ. ஐஎஸ்ஏ கார்டில் ஜம்பர் (ஊசிகளை இணைத்து அமைப்பை மாற்றும் குட்டி மூடி) இருந்தால் உங்களுக்கு நல்ல காலம், கீழே உள்ளதெல்லாம் பொருந்தும். பிசிஐ கார்டுகளில் பெரும்பாலானவை வின்மோடம். மோடம் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதியை விண்டோஸ் டிரைவர்தான் செய்யும், டிரைவர் இல்லையென்றால் அது வெறும் தகடு. ஐஎஸ்ஏவிலும் ஒன்றிரண்டு வின்மோடம் உண்டு. டாஸ் மென்பொருளுக்கு இது ஆகவே ஆகாது. எந்த ஜம்பரை மாற்றினாலும், எந்த பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் அமைப்பு நிரல்) வரியைத் திருத்தினாலும் பயனில்லை. டாஸில் ஓட வேண்டும் என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு வேறு மோடம் தேடுங்கள்.

அறிகுறி: டயல் செய்ததும் மவுஸ் நிற்கிறது, அல்லது எடை உறைகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். மவுஸ் சீரியல் வகை, காம்1-இல் இருக்கும். மோடத்தை யாரோ காம்3-இல் வைத்திருப்பார்கள். மேலே உள்ள பட்டியலைப் பாருங்கள், இரண்டுக்கும் ஐஆர்க்யூ 4. முகவரி வேறானாலும், இரண்டு வீட்டுக்கும் ஒரே காலிங் பெல். பழைய ஐஎஸ்ஏ போர்டுகளுக்கு யார் அடித்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. டயல் செய்ததும் மவுஸ் நிற்கும், இல்லையென்றால் மவுஸை அசைத்ததும் லைன் அறுந்துபோகும்.

எடைமேடையில் இதே கோளாறு வேறு வேஷத்தில் வரும். "இன்னாப்பா, போன் போட்டா எடை அப்பிடியே நின்னுடுது" என்பார் மில்காரர். லாரி மேடையில் ஏறி நிற்கும். இண்டிகேட்டர் பெட்டியில் சிவப்பு எண் ஓடி நிலைக்கும். கணினித் திரையில் மட்டும் போன லாரியின் எடை அசையாமல் இருக்கும். பெட்டியில் எண் மாறுகிறது, திரையில் மாறவில்லை என்றால் மேடைக்கு அடியில் எடையை உணரும் லோட்செல்லில் குறையில்லை. எடைமேடைக் கம்பெனி ஆளைக் கூப்பிட்டு விசிட்டிங் சார்ஜ் அழாதீர்கள்.

உறுதிசெய்ய: மோடத்தின் பின்னால் இருக்கும் டெலிபோன் வயரைக் கழற்றிவிட்டு டயல் கொடுங்கள். அப்போதும் மவுஸோ எடையோ நின்றால் லைனுக்கு இதில் சம்பந்தமே இல்லை. விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் போய் மோடம், காம் போர்ட் இரண்டின் ரிசோர்சஸ் பக்கத்தையும் பாருங்கள், ஐஆர்க்யூ எண் ஒன்றாக இருக்கும். கீழே "நோ கான்ஃப்ளிக்ட்ஸ்" என்று எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம். ஜம்பர் கார்டில் உண்மையில் என்ன வைத்திருக்கிறது என்பது விண்டோஸுக்குத் தெரியாது.

மோதுவது மவுஸ் என்றால்: போர்டில் வட்டமான பிஎஸ்/2 துளை இருக்கிறதா? இருந்தால் கணினியை அணைத்துவிட்டு பிஎஸ்/2 மவுஸ் ஒன்றைப் போடுங்கள். அது ஐஆர்க்யூ 12-க்குப் போய்விடும். பிறகு காம்1-ஐ பயாஸில் அணைத்துவிட்டால் மோடத்துக்குப் போட்டியே இல்லை. செலவு ஒரு மவுஸ்தான். சீரியல் மவுஸுக்குச் சின்ன கன்வெர்ட்டர் மாட்டினால் போதும் என்று கடையில் சொல்வார்கள். இரண்டு வகையிலும் ஓடும்படி செய்த மவுஸுக்கு மட்டும்தான் அது பலிக்கும்.

மோதுவது எடைமேடை என்றால்: அதைக் காம்1-இலிருந்து நகர்த்தாதீர்கள். அதன் மென்பொருள் அந்த போர்ட்டை நம்பியே எழுதப்பட்டிருக்கும். மோடம்தான் நகர வேண்டும், காம்2 அதற்கு நல்ல இடம். கணினி எழும்போது டெலீட் தட்டி பயாஸுக்குள் போங்கள். இன்டகிரேட்டட் பெரிபரல்ஸ் பக்கத்தில் ஆன்போர்டு சீரியல் போர்ட் 2 என்ற வரியை டிசேபிள்டு ஆக்குங்கள். 486 காலத்து கணினி என்றால் போர்ட்டுகள் தாய்ப்போர்டில் இருக்காது, தனி ஐ/ஓ கார்டில் இருக்கும். அங்கே ஜம்பரில்தான் அணைக்க வேண்டும். பிறகு மோடத்தின் ஜம்பரைக் காம்2, ஐஆர்க்யூ 3 என்று வையுங்கள். ஜம்பர் வரைபடம் பெரும்பாலும் கார்டிலேயே பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். முகவரிக்கு ஒரு கூட்டம், ஐஆர்க்யூவுக்கு ஒரு கூட்டம் என இரண்டு இடத்தில் ஜம்பர் இருக்கும். ஒன்றை மட்டும் மாற்றி இன்னொன்றை விட்டுவிட்ட கார்டுகள்தான் ரிப்பேருக்கு அதிகம் வருகின்றன.

இதைச் செய்யும் முன் இரண்டு விஷயம். பின்பக்கத்து இரண்டாவது சீரியல் துளையில் பார்கோடு ரீடரோ வேறு ஏதோ மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது, நெட்வொர்க் கார்டு. என்இ2000 வகைக் கார்டுகள் ஐஆர்க்யூ 3-இல்தான் கடையிலிருந்து வந்தன. அதை 10-க்கோ 11-க்கோ தள்ளாமல் மோடத்தைக் காம்2-க்குக் கொண்டுவந்தால் எடை பிழைக்கும், நெட்வொர்க் சாகும்.

இரண்டு போர்ட்டும் பிஸி என்றால்: மோடத்தைக் காம்3-இல் வைத்து ஐஆர்க்யூவை மட்டும் 5 ஆக்குங்கள். சவுண்ட் கார்டு இருந்தால் 5 ஏற்கெனவே போயிருக்கும். அப்போது 10 அல்லது 11. கார்டின் தங்க விளிம்பு குட்டையாக, ஒரே துண்டாக இருந்தால் அது 8-பிட் கார்டு, 10-உம் 11-உம் அதற்கு எட்டாது. பயாஸில் பிஎன்பி (பிளக் அண்ட் பிளே, கணினியே எண்களை ஒதுக்கும் முறை) பக்கத்தில் அந்த ஐஆர்க்யூவை லெகஸி ஐஎஸ்ஏ என்று ஒதுக்குங்கள். விண்டோஸில் அந்த போர்ட்டின் ரிசோர்சஸ் பக்கத்தில் யூஸ் ஆட்டோமேட்டிக் செட்டிங்ஸ் டிக்கை எடுத்துவிட்டு அதே எண்ணைக் கையால் கொடுங்கள். காம்4 பக்கம் போகாமல் இருப்பது நல்லது. எஸ்3 சிப் உள்ள டிஸ்ப்ளே கார்டுகள் 2இ8 முகவரியைத் தாங்களே எடுத்துக்கொள்ளும், டயல் செய்தால் திரை கலங்கும்.

டாஸ் மென்பொருளில் ஐஆர்க்யூவை மாற்ற இடமே இல்லை, மேலே சொன்ன எதுவும் ஒத்துவரவில்லை என்றால் பல போர்ட் கொண்ட தனிக் கார்டு போட வேண்டும். அதற்கு மென்பொருள் எழுதியவரையும் சேர்த்து அழைக்க வேண்டியிருக்கும்.

அறிகுறி: ஏடி தட்டினால் பதில் இல்லை

விண்டோஸில் ஹைப்பர்டெர்மினல் திறந்து, மோடம் பெயரைத் தேர்ந்தெடுக்காமல் நேராகக் காம் போர்ட்டைத் தேர்ந்தெடுத்து, மோடத்தைக் கூப்பிடும் கட்டளையான ஏடி என்று தட்டி என்டர் கொடுங்கள். ஓகே வர வேண்டும்.

தட்டிய எழுத்தே தெரியவில்லை: மோடம் ஊமையாக்கப்பட்டிருக்கலாம். ஃபேக்ஸ் மென்பொருள்கள் இப்படிச் செய்துவிட்டுப் போகும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஏடி&எஃப் தட்டி என்டர், பிறகு ஏடி ஈ1 க்யூ0 வி1 இடைவெளியில்லாமல் தட்டி என்டர். ஓகே வந்தால் வேலை முடிந்தது. வரவில்லையென்றால் முகவரி தப்பு, நீங்கள் வேறு போர்ட்டோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

எழுத்து தெரிகிறது, ஆனால் ரொம்ப நேரம் கழித்து ஆடி அசைந்து வருகிறது: முகவரி சரி, ஐஆர்க்யூ தப்பு. இந்த ஒரு அறிகுறிக்கு வேறு காரணம் தேடவே வேண்டாம். கார்டில் உள்ள ஜம்பர் எண்ணும் விண்டோஸில் உள்ள எண்ணும் ஒன்றா என்று மட்டும் பாருங்கள்.

டாஸில் முகவரியைச் சரிபார்க்க டீபக் என்று தட்டி என்டர் கொடுங்கள். கோடு ஒன்று வரும். அங்கே டி 40:0 எல்8 என்று தட்டினால் எட்டு எண் தெரியும், இரண்டிரண்டாக, தலைகீழாக. எஃப்8 03 என்றால் காம்1, எஃப்8 02 என்றால் காம்2. அந்த இடத்தில் 00 00 இருந்தால் அந்த போர்ட்டை பயாஸ் பார்க்கவில்லை. வெளியே வர க்யூ. பல பயாஸ்கள் முதல் இரண்டை மட்டும்தான் தேடும், ஆகவே மூன்றாவது இடத்தில் 00 00 வந்ததற்காகக் காம்3-இல் இருக்கும் கார்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

அறிகுறி: மோடம் இருப்பதே கணினிக்குத் தெரியவில்லை

முதலில் கார்டைக் கழற்றுங்கள். பவர் வயரைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டு, டெலிபோன் வயரையும் எடுத்துவிட்டுத் தொடுங்கள். ரிங் வரும்போது அந்த வயரில் கையை உதறவைக்கும் மின்சாரம் வரும்.

தங்க விளிம்பைப் பாருங்கள். தோல் பதனிடும் இடங்களுக்குப் பக்கத்து ஆபீஸ்களில் இருந்த கார்டுகள் பார்த்தவுடனே தெரியும்: பற்கள் மஞ்சளாக இருக்காது, புகை படிந்தது போல் கறுத்திருக்கும். சுண்ணாம்புத் தொட்டியில் சேர்க்கும் சல்ஃபைடிலிருந்து கிளம்பும் வாயு செய்யும் வேலை அது. முலாம் தேய்ந்த இடத்தில் செம்பைத் தின்றுவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரை எடுத்து ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள், தூளை ஊதித் தள்ளுங்கள், விரல் படாமல் ஸ்லாட்டில் அழுத்திச் செருகுங்கள். உப்புத்தாள் வேண்டாம், மிச்சமிருக்கும் முலாமும் போய்விடும். ஸ்லாட்டின் உள்ளே தூசி இருந்தால் பெயின்ட் பிரஷ். ஸ்க்ரூவை முறுக்கும்போது கார்டின் பின்முனை ஸ்லாட்டை விட்டுக் கொஞ்சம் எழும்பும், அதையும் கவனியுங்கள். முடிந்தால் வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள்.

இன்னும் தெரியவில்லை, கார்டில் ஜம்பரும் இல்லை: பிளக் அண்ட் பிளே கார்டு. பயாஸில் ரிசெட் கான்ஃபிகரேஷன் டேட்டாவை எனேபிள்டு செய்து சேமியுங்கள். அடுத்த முறை எழும்போது பழைய பட்டியலை அழித்துவிட்டுப் புதிதாக எண்ணும், அந்த வரி தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஜம்பரும் இருக்கிறது, பிளக் அண்ட் பிளேயும் உண்டு என்கிற கார்டு என்றால் ஜம்பர் வழிக்கே வந்துவிடுங்கள்.

தெரிகிறது, ஆனால் காம்5 என்கிறது: கழற்றி மாட்டிய பழைய மோடங்களின் ஆவி விண்டோஸில் தங்கியிருக்கிறது. சேஃப் மோடில் எழுப்பி டிவைஸ் மேனேஜரில் பாருங்கள், ஒரே மோடம் இரண்டு மூன்று தடவை வரிசையாக நிற்கும். மோடங்களையும் காம் போர்ட்டுகளையும் முழுக்க நீக்கிவிட்டுச் சாதாரணமாக எழுப்புங்கள், மறுபடி தேடிப் பிடித்துக்கொள்ளும்.

அறிகுறி: போர்ட்டை வேறு ஏதோ பயன்படுத்துகிறது என்கிறது

திரையின் வலது கீழ் மூலையில் ஃபேக்ஸ் மென்பொருள் காத்துக்கொண்டிருக்கும். மூடுங்கள். டாஸ் ஜன்னல் ஏதாவது திறந்திருந்தால் அதையும் மூடுங்கள். அடங்கவில்லையென்றால் ரீஸ்டார்ட்.

அறிகுறி: ஓகே வருகிறது, ஆனால் நோ டயல்டோன்

போர்ட் சரியாகிவிட்டது, இனி லைன் பக்கம். மோடத்தில் இரண்டு துளை இருக்கும். சுவரிலிருந்து வரும் வயர் லைன் என்று எழுதியதில் போக வேண்டும். போன் என்று எழுதியது டெலிபோன் கருவிக்கு. பேரலல் போனை யாரோ சரியாக வைக்காமல் விட்டிருக்கலாம், மாடிக்குப் போய்ப் பாருங்கள்.

அதே வயரில் போனை மாட்டினால் டோன் கேட்கிறது, மோடத்துக்கு மட்டும் கேட்கவில்லை: நம் டயல் டோன் சில மோடங்களுக்குப் பிடிபடாது. மோடத்தின் எக்ஸ்ட்ரா செட்டிங்ஸ் கட்டத்தில் எக்ஸ்3 என்று போடுங்கள், டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய்யும். கம்பெனியில் இன்டர்காம் வழியாக 0 போட்டு வெளி லைன் எடுப்பதாக இருந்தால் எண்ணுக்கு முன்னால் 0 போட்டு ஒரு கமா. கமாவுக்கு மோடம் இரண்டு விநாடி நிற்கும்.

டயல் ஆகிறது, ஆனால் எண் தவறு என்ற குரல் கேட்கிறது: டயலிங் ப்ராப்பர்ட்டீஸில் ஊரின் எஸ்டிடி குறியீட்டைப் பாருங்கள். வேலூருக்கு 0416, ராணிப்பேட்டைக்கு 04172, ஆம்பூர் வாணியம்பாடிக்கு 04174, ஆரணிக்கு 04173. வேலூரிலிருந்த கணினியை ராணிப்பேட்டை கிளைக்கு எடுத்துப்போனால் மாற்ற மறப்பது இதைத்தான்.

போனிலும் டோன் இல்லை: மல்டிமீட்டரில் டிசி வைத்து லைனை அளந்து பாருங்கள். போன் எல்லாம் கீழே வைத்த நிலையில் ஏறக்குறைய 48 வோல்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால் எக்ஸ்சேஞ்சில் புகார் எழுதுங்கள், இதற்குமேல் லைன்மேன் வேலை.

அறிகுறி: சேர்கிறது, பாதியில் அறுகிறது அல்லது இழுக்கிறது

கன்ட்ரோல் பேனலில் மோடம்ஸ், டயக்னாஸ்டிக்ஸ், மோர் இன்ஃபோ. யூஆர்ட் (சீரியல் போர்ட்டை இயக்கும் சிப்) என்ற வரியில் 16550ஏ இருக்க வேண்டும். 8250 அல்லது 16450 என்றால் வேகமான மோடத்துக்கு அது தாங்காது, போர்ட் வேகத்தை 19200-க்கு இறக்குங்கள். 16550ஏ இருந்தும் எழுத்து விழுங்கினால் அட்வான்ஸ்டு பக்கத்தில் ஃபிஃபோ (வரும் எழுத்தைச் சேர்த்துவைக்கும் இடம்) டிக் இருக்கிறதா பாருங்கள். கால் வெயிட்டிங் வசதி இருந்தால் அதுவும் நடுவில் புகுந்து அறுக்கும். செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்த ஆபீஸ்களில் வேகமான இணைப்பு நிற்காது. ஃபேக்ஸ் வேகத்தை 9600-க்கு இறக்கிப் பாருங்கள், ஓரளவு போகும். அதற்குமேல் அந்த லைனில் எதிர்பார்க்காதீர்கள்.

அறிகுறி: லினக்ஸ் போட்ட கணினியில் மட்டும் பேசவில்லை

காம்1 அங்கே டிடிஒய்எஸ்0, காம்3 என்றால் டிடிஒய்எஸ்2. ஒன்று குறைத்து எண்ண வேண்டும். காம்3-இல் ஐஆர்க்யூ 5 வைத்திருந்தால் ரூட்டாக நுழைந்து செட்சீரியல் கட்டளையில் போர்ட் 0எக்ஸ்3இ8, ஐஆர்க்யூ 5, யூஆர்ட் 16550ஏ என்று கொடுங்கள். இந்தக் கட்டளை கார்டை மாற்றாது, கார்டு எப்படி இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும், அவ்வளவுதான். ஜம்பர் எப்படியோ அப்படியே எழுதுங்கள். அணைத்து எழுப்பினால் மறந்துவிடும், ஆகவே தொடக்க ஸ்கிரிப்டில் சேர்க்க வேண்டும். எல்எஸ்ஆர் சேஃப்டி செக் என்று கர்னல் புலம்பினால் நீங்கள் சொன்ன முகவரியில் போர்ட்டே இல்லை. பிளக் அண்ட் பிளே ஐஎஸ்ஏ கார்டுக்கு பழைய லினக்ஸில் ஐஎஸ்ஏபிஎன்பி கருவி வேண்டும். பிசிஐ கார்டுகளைக் காட்டும் எல்எஸ்பிசிஐ பட்டியலில் மோடம் வந்து, எந்த போர்ட்டிலும் பேசவில்லை என்றால் வின்மோடமாகத்தான் இருக்கும்.

அறிகுறி: நேற்றுவரை ஓடியது, இன்று இல்லை

கேள்வி ஒன்று: இடைப்பட்ட நேரத்தில் நீண்ட பவர்கட்டா, இடியா?

பவர்கட் என்றால் கணினியின் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்துவிட்டது. பயாஸ் பழைய நிலைக்குப் போய், நீங்கள் அணைத்த சீரியல் போர்ட் 2 மறுபடி எழுந்து மோடத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். யுபிஎஸ்ஸை நம்பிச் செல்லை மறந்த ஆபீஸ்களில் இது அடிக்கடி நடக்கும். செல்லை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள், 3 வோல்ட்டிலிருந்து நன்றாக இறங்கியிருந்தால் மாற்றிவிட்டு பயாஸ் வரியைத் திரும்பத் திருத்துங்கள். மோடத்தைத் தொடவே வேண்டாம்.

இடி என்றால், அதிலும் கத்திரி வெயில் முடியும் முன் வரும் கோடை மழை இடி என்றால், இப்படிப் பிரியுங்கள். ஏடிக்கு ஓகே வருகிறது, ஆனால் டயல் கொடுக்கும்போது கார்டிலிருந்து "டிக்" என்று ரிலே சத்தம் வரவில்லை: லைன் பக்கம் மட்டும் போயிருக்கிறது. துளைகளுக்குப் பின்னால் பட்டாணி அளவுக் கறுத்த பாகம் அல்லது கருகின தடம் தெரியும். போர்ட் வேலைக்கு இனி அர்த்தமில்லை, கார்டை மாற்ற வேண்டும். கார்டைச் செருகினால் கணினியே எழவில்லை, எடுத்தால் எழுகிறது: கார்டு முழுக்கப் போயிற்று. எடுத்த பிறகும் எழவில்லை அல்லது மற்ற சீரியல் போர்ட்டும் பேசவில்லை என்றால் இடி தாய்ப்போர்டுவரை போயிருக்கிறது. அப்போது எதையும் மாற்றி மாற்றிச் செருகிப் பார்க்காமல் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, கணக்கை வேறு கணினியில் நகல் எடுத்துக்கொண்டு, போர்டு ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள். காம்1 இன்னும் பிழைத்திருந்து அதில் வேறு எதுவும் மாட்டவில்லை என்றால் உள்மோடம் தேடி அலைய வேண்டாம். வெளியே வைக்கும் மோடம் ஒன்றை அந்தத் துளையில் மாட்டுங்கள். இடி முழங்கும்போது வயரைப் பிடுங்கவும் அது வசதி.